மிரஜ் தம்புரா: சுரைக்காய் குடம் ரயில் பயணம் தாங்குமா?

கேள்வி: தங்கச்சி ஹிந்துஸ்தானி கத்துக்கறா, மகாராஷ்டிராவுல மிரஜ் ஊர்ல செய்யற தம்புராதான் வேணும்ங்கறா. நம்ம தஞ்சாவூர் தம்புரான்னா பலா மரம், பயமில்ல. இது சுரைக்காயாமே, ரயில்ல கொண்டு வந்தா உடைஞ்சிடாதா?

பதில் 1: சாம்பார்ல போடற சுரைக்காய் இல்லைங்க, பண்டரிபுரம் பக்கம் விளையற பெரிய ரகம், நல்லா காயவச்சு உள்ள இருக்கறத சுரண்டி எடுத்துட்டுதான் குடம் ஆக்குவாங்க, கெட்டியாத்தான் இருக்கும் ஆனா எங்கயாவது நச்சுனு இடிச்சா விரிசல்தான். ஹார்ட் கேஸ் வாங்கிடுங்க, தந்திய கொஞ்சம் தளர்த்திட்டு எடுத்துட்டு வாங்க.

பதில் 2: பொண்ணுங்க சுருதிக்கு சின்ன சைஸ் இருக்கு, அத கேளுங்க. மிரஜ் தம்புராவுக்கு 2024ல ஜிஐ டேக் (புவிசார் குறியீடு) கூட கிடைச்சாச்சு. குடத்த விட ஜவாரிய, அதாவது தந்தி பிரிட்ஜ்ல உரசி வர்ற ரீங்காரத்த பாருங்க சார், பிரிட்ஜ் மேல தந்திக்கு அடியில இருக்கற நூல லேசா நகர்த்துனா ஒரு எடத்துல ரீங்காரம் கும்முனு வரணும், வரலன்னா வாங்காதீங்க.

கேள்வி கேட்டவர்: ஹார்ட் கேஸ் அங்கயே கிடைக்குமா?

பதில் 1: கடையிலயே தருவாங்க, பேரம் பேசுங்க.