அடிவரிசைச் செங்கலில் சாந்தே இல்லை: இப்படிப் பார்த்தவர்கள் உண்டா?

பழைய வீட்டின் பின்சுவர். தரையை ஒட்டிய நாலைந்து வரிசையில் செங்கலுக்கு நடுவே சாந்து போய்விட்டது. சாவியை விட்டால் முழுசாக உள்ளே போகிறது; சுரண்டினால் மணலாகக் கொட்டுகிறது. மேல் வரிசைகள் நன்றாக இறுகி இருக்கின்றன. கொத்தனார் "சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம், அரை நாள் வேலை" என்கிறார். செய்துவிடலாமா?

—

அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டிலும் கீழ்ப்பகுதி மட்டும்தான் உதிர்ந்தது. மண்ணிலிருந்து ஓதம் ஏறும்போது உப்பும் கூடவே ஏறுகிறது. ஈரம் காயும் இடத்தில் அந்த உப்பு படிகமாகி, சாந்தை உள்ளிருந்தே நெம்பி உடைக்கிறது. சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுதான். எங்களுக்குக் காரணம் பூச்செடிக்காகச் சுவரோரம் கொட்டிய மண். மண் ஈரம் மேலே ஏறாமலிருக்கச் சுவரடியில் வைத்திருக்கும் ஓதத் தடுப்புப் படலத்தையே அது மூடியிருந்தது. படலத்துக்கு 150 மி.மீ. கீழே மண் மட்டத்தை இறக்கி, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டுத்தான் சாந்து வைத்தோம்.

—

சிமெண்ட் பக்கமே போகாதீர்கள் என்பேன். நான் வாங்கிய வீட்டில் முன்பிருந்தவர் அதைத்தான் செய்திருந்தார். பழைய செங்கல் மெத்தென்றது. கெட்டியான சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறி, முகம் பொரிந்து கொட்டிவிட்டது. இப்போது சிமெண்ட் மட்டும் தேன்கூடு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது. இந்த வேலைக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் சரி. நீரில் இறுகும் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. 20-25 மி.மீ. ஆழத்துக்கு உளியால் சுரண்டி எடுக்க வேண்டும். கிரைண்டர் செங்கல் ஓரத்தைத் தின்றுவிடும். தூசு தட்டி, நனைத்து, ஆழமான பொந்தைப் பல தடவையாக அடையுங்கள். வெயிலில் சட்டென்று காயாமல் ஈரச்சாக்கு போடுங்கள். ஒரே மூச்சில் நீளமாகத் தோண்டவும் வேண்டாம், சிறுசிறு பகுதியாகப் போங்கள்.

—

இன்னொன்று. அக்காவின் புது வீட்டில் சீரான இடைவெளியில் செங்குத்துச் சந்துகள் காலியாக இருந்தன. "கஞ்சத்தனம் பண்ணிவிட்டான்" என்று மாமா அடைக்கக் கிளம்பிவிட்டார். அது நடுவே இடைவெளி விட்டுக் கட்டிய இரட்டைச் சுவர். உள்ளே இறங்கும் தண்ணீர் வடிவதற்கென்றே விட்ட வழி அது. உங்களுடையது அப்படித் தெரியவில்லை, ஆனாலும் இதைப் படிக்கிற வேறு யாராவது அடைத்துவிடப் போகிறார்கள்.

—

மழையில் நின்று பார்த்தேன். கூரைத் தண்ணீர்க் குழாயின் வளைவு உடைந்து, எல்லாம் சுவரடியில்தான் கொட்டுகிறது. கொத்தனாரை நிறுத்திவிட்டேன், பிளம்பர் வருகிறார். மூலையில் படிக்கட்டு வாக்கில் ஒரு விரிசலும் இருக்கிறது. அதையும் சாந்து வைத்து மூடலாமா?

—

அதை மூடாதீர்கள். அப்படி ஏறும் விரிசல் அஸ்திவாரம் இறங்குவதாலும் வரும். இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, கட்டுமானப் பொறியாளரிடம் காட்டுங்கள்.