மறுமொழி: 'ஸ்டார்டிங் ரிலே' – தொடக்கியா, விடுப்பியா?

அன்புடையீர்,

பழைய குளிர்பெட்டிகளை மீளமைப்போருக்கான கையேட்டில், குளிர்வாயுவை அழுத்தும் கம்ப்ரஸரின் பக்கத்தில் செருகப்பட்டு, அதன் மோட்டார் ஓடத் தொடங்க உதவும் ஸ்டார்டிங் ரிலேவுக்குத் 'தொடக்கி', 'தொடக்க உணர்த்தி' என்னும் இரு சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. சொல்லுவதற்கு இரண்டும் எளியவையே. ஆயினும் அவ்வுறுப்பு செய்யும் வேலையோடு ஒப்பிட்டால் இரண்டும் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

ஒருமுனை மின்சாரத்தில் இயங்கும் இவ்வகை மோட்டாரில் ஓட்டச்சுருள், தொடக்கச்சுருள் என இரண்டு உண்டு. மெல்லிய கம்பியால் சுற்றப்பட்ட தொடக்கச்சுருள் முதல் நொடியில் மட்டுமே தேவைப்படுவது. அதற்குமேல் மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தால் கருகிவிடும். பழைய ரிலேவின் சுருள் ஓட்டச்சுருளோடு தொடராக இணைந்திருப்பதால், மோட்டார் அசையாமல் நிற்கும் கணத்தில் பாயும் பெருமின்னோட்டம் உள்ளிருக்கும் இரும்புத் தண்டைத் தூக்கித் தொடக்கச்சுருளை இணைக்கிறது. வேகம் கூடி மின்னோட்டம் தணிந்ததும் தண்டு தன் எடையாலேயே விழுந்து இணைப்பை அறுக்கிறது. நல்ல நிலையில் உள்ள ரிலேவைக் கழற்றிக் குலுக்கினால் அந்தத் தண்டு உள்ளே ஆடும் ஓசை கேட்கும். அதைத் தலைகீழாகவோ சாய்வாகவோ பொருத்தக்கூடாது என்பதற்கும் இந்தத் தண்டே காரணம்.

ஆக, உரிய நேரத்தில் தொடக்கச்சுருளை விடுவிப்பதில்தான் மோட்டாரின் உயிர் இருக்கிறது. எனவே 'தொடக்கச்சுருள் விடுப்பி' என்றும், சுருக்கமாக 'விடுப்பி' என்றும் வழங்கலாம் என்று முன்மொழிகிறேன். அலுவலக விடுப்பு நினைவுக்கு வருகிறதே என்று யாரேனும் கேட்கலாம். ஓட்டம் பிடித்தவுடன் தொடக்கச்சுருள் விடுப்பில்தானே போகிறது, அதில் குற்றமில்லை.

இச்சொல்லை நான் வற்புறுத்த வேறொரு காரணமும் உண்டு. பழைய ரிலே கிடைக்காதபோது பலரும் அவ்விடத்தில் பொருத்துவது பி.டி.சி. எனப்படும் பீங்கான் வில்லை. அதில் சுருளும் இல்லை, அசையும் தண்டும் இல்லை. குளிர்ந்திருக்கையில் மின்சாரத்தை விட்டுக்கொடுத்து, சூடேறியதும் தடை பன்மடங்கு உயர்ந்து ஏறத்தாழ முழுவதையும் மறித்துவிடுகிறது. இதை 'ரிலே' என்பதே பொருந்தாது. 'விடுப்பி' மட்டும் இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. வேறுபடுத்த வேண்டிய இடத்தில் 'மின்னோட்ட விடுப்பி', 'வெப்பத்தடை விடுப்பி' எனலாம்.

அடைமொழி வெறும் அழகுக்கன்று. மின்னோட்ட விடுப்பி அந்தந்த மோட்டாருக்கு அளந்து செய்யப்பட்டது: பெரிய மோட்டாருக்குரியதைச் சிறியதில் பொருத்தினால் தண்டு எழும்பாது, சிறியதற்குரியதைப் பெரியதில் பொருத்தினால் விழாது, தொடக்கச்சுருள் வேகும். வெப்பத்தடை விடுப்பியோ ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் சில நிமிடங்கள் ஆறியாக வேண்டும். அதற்குள், குளிர்நிலைக்கேற்ப மோட்டாரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட் மீண்டும் மின்சாரம் கொடுத்தால் மோட்டார் உறுமி நிற்க, மின்னோட்டம் மிகும்போது காக்கும் ஓவர்லோடு 'டக்' என்று துண்டிக்கும். மின்தேக்கியோடு தொடங்கும் மோட்டாராக இருந்தால் அந்த மின்தேக்கியை விட்டுவிட்டு வில்லையை மட்டும் பொருத்துவதும் தவறு.

ஓவர்லோடுக்கு 'மிகைச்சுமைக் காப்பான்' போதும். 'காப்பி' என்று முடித்தால் வாசகர் மனம் வேறெங்கோ போய்விடும். தெர்மோஸ்டாட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து நீண்டு, பெட்டிக்குள் குளிரை உண்டாக்கும் ஆவியாக்கியின் சுவரோடு இறுகப் பொருந்தியிருக்க வேண்டிய மெல்லிய குழாய்க்கு மட்டும் 'உணர்குழல்' என்ற பெயர் வேண்டும், ஏனெனில் அதை மடக்கி ஒடித்துவிடுவதுதான் மாற்றும்போது எளிதில் நேரும் பிழை.

1927இல் வெளிவந்த ஜெனரல் எலக்ட்ரிக்கின் மானிட்டர் டாப் போன்ற பெட்டிகளில் நச்சுத்தன்மையுள்ள கந்தக டை ஆக்சைடு அடைக்கப்பட்டிருப்பதால், வாயுச் சுற்றைத் திறக்காமல் மின்னுறுப்புகளை மட்டும் மாற்றுமாறு கையேடு அறிவுறுத்துகிறது. அவ்வறிவுரை வரும் இயலில் மோட்டாரின் மூன்று முனைகளையும் 'பொது', 'ஓட்டம்', 'தொடக்கம்' எனக் குறிக்கலாம். முனைகளுக்கிடையே மின்தடையை அளக்கையில் பொது–ஓட்டம் 4 ஓம், பொது–தொடக்கம் 16 ஓம் என்றால் ஓட்டம்–தொடக்கம் இரண்டின் கூட்டாக 20 ஓம் காட்டும். முனைகளை அடையாளம் காணும் இக்கணக்கைப் படத்தின் கீழேயே தரலாம்.

'விடுப்பி'க்கு மறுப்பு இருப்பின், மேற்சொன்ன இரு வகைகளையும் தழுவும் மாற்றுச்சொல்லோடு தெரிவிக்க வேண்டுகிறேன்.