ரோல்பிளேயிங் கேம்ல பேயை வரவழைக்கிற மந்திரத்துக்குத் தமிழ்ச் சொல்: படையல், கட்டு, கட்டறுப்பு

> ரிஸ்க்-ரிவார்டு பேலன்ஸ இடர்-வெகுமதி சமநிலைன்னே வச்சுக்கலாமே, எதுக்கு இன்னொரு சொல்லு?

அது பங்குச்சந்தைக்கு சரிங்க, கையில டைஸ வச்சுக்கிட்டு "என் இடர்-வெகுமதி எவ்ளோ"ன்னு எவனும் கேக்க மாட்டான். அதவிட பெரிய சிக்கல், டெமன் சம்மனிங்ல (பேய வரவழைக்கிறதுல) ரெண்டு தனித்தனி விஷயத்த ரிஸ்க்னு ஒரே மூட்டையில போட்டுடுறோம்.

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) 5ஆம் பதிப்புல சம்மன் கிரேட்டர் டெமன்னு ஒரு ஸ்பெல் (மந்திரம்) இருக்குல்ல, அதுக்கு 24 மணி நேரத்துக்குள்ள கொல்லப்பட்ட ஒரு ஆளோட ரத்தம் ஒரு குப்பி வேணும், அதுல வட்டம் போட்டு உள்ள நின்னா பேய் அதத் தாண்டி வர முடியாது, ஸ்பெல் முடியறப்ப ரத்தமும் தீந்துடும். இது தெரிஞ்சே குடுக்கிற விலை. நான் "படையல்"னு சொல்றேன். அப்புறம் பேயோட ஒவ்வொரு டர்ன் முடிவுலயும் அது ஒரு கரிஷ்மா சேவ் (20 பக்க டைஸ உருட்டி தன்னோட கரிஷ்மா எண்ணையும் சேத்துப் பாக்குற தடுப்புச் சோதனை) போடும், தோத்தா சொன்னபடி கேக்கும், ஜெயிச்சா பேயில்லாத யாரு பக்கத்துல இருக்காங்களோ அவங்க மேல பாயும். மந்திரவாதிங்க பேயைக் கட்டுறதுன்னுதான சொல்றோம், அப்ப பிடி "கட்டு", அது போறது "கட்டறுப்பு".

கணக்கு பாருங்க. டிசி (சேவ்ல ஜெயிக்க எட்ட வேண்டிய எண்) 15, பேய்க்கு கரிஷ்மா -1னா அது 16 இல்ல அதுக்கு மேல போடணும், அதாவது டர்னுக்கு 25% கட்டறுப்பு, மூணு டர்ன் தாண்டுறதுக்குள்ள 58% ஆயிடுது. பேயோட உண்மைப் பேரு தெரிஞ்சு சொன்னா அதுக்கு டிசட்வான்டேஜ் (ரெண்டு தடவ உருட்டி சின்ன எண்ணத்தான் எடுக்கணும்), டர்னுக்கு 6% சொச்சம், மூணு டர்னுக்கும் சேத்து 18% கிட்டதான். ஒரு பேரத் தேடி முழு சாகசமே போகலாம்னு ஆகுதுல்ல. டேமேஜ ஏத்தி இறக்கி பேலன்ஸ் பண்றவங்க இந்த இடத்த விட்டுடுறாங்க.

இன்னொன்னு, இதுதான் எனக்கு எரிச்சல். வட்டத்துக்குள்ள நிக்கிறவன் வரவழைச்சவன், கட்டு அறுந்தா கடி வாங்குறது வெளிய நிக்கிற கூட்டாளிங்க. பலன் ஒருத்தனுக்கு அடி இன்னொருத்தனுக்குன்னா நம்பர எவ்ளோ மாத்தினாலும் மேசையில சண்டைதான் வரும், வட்டத்துக்குள்ள எத்தன பேர் நிக்கலாம்னு ஆட்டத்த நடத்துற ஜிஎம் முதல்லயே சொல்லிடணும்.

> கட்டறுப்பு காதுக்கு முரடா இருக்கு, கட்டவிழ்ப்பு நல்லாருக்கே?

நல்லாத்தான் இருக்கு, ஆனா அவிழ்க்கிறது நம்ம கை, அறுக்கிறது பேயி. ரெண்டும் ரூல்ஸ்ல வேற. கட்டு அறுந்தப்புறம் பயந்து கான்சன்ட்ரேஷன (மந்திரத்த நிக்க வைக்கிற கவனத்த) விட்டாலும் பேய் உடனே போகாது, உயிரோட இருந்தா இன்னும் 1டி6 (ஆறு பக்க டைஸ் ஒன்ன உருட்டி வர்ற எண்) ரவுண்டு அங்கயே ஆடும். அந்த ரவுண்டுகளுக்கு என்கிட்ட பேரு இல்ல, "எச்ச ஆட்டம்"னு ஒன்னு தோணுது, பிடிக்கலன்னா வேற சொல்லுங்க.