வல்லன்குமாரன்விளை பள்ளியில் சேர்க்கலாமா? (துபாய் அண்ணாச்சிக்குப் பதில்)

வணக்கம் அண்ணாச்சி,

தம்பி மகளை ஆறாம் வகுப்பில் வல்லன்குமாரன்விளை அரசுப் பள்ளியில் சேர்க்கலாமா, இஸ்ரோ சிவன் படித்த பள்ளியாச்சே என்று கேட்டிருந்தீர்கள். சிவன் பெயருக்காக என்றால் வேண்டாம், அந்தக் காலத்துப் பள்ளி வேறு. அவர் மேலசரக்கல்விளையிலும் பிறகு வல்லன்குமாரன்விளையிலும் தமிழ்வழியில் படித்த நாளில் பிளஸ் டூவே கிடையாது. அது 1978இல்தான் வந்தது. அதற்கு முந்தின வருஷமே அவர் நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டார். அப்பா விவசாயி. கல்லூரி நாள் முழுக்க வேட்டிதான், என்ஜினீயரிங் படிக்கச் சென்னை எம்.ஐ.டி. போனபிறகுதான் பேண்ட் என்று அவரே சொல்லியிருக்கிறார். 2018இல் அவர் இஸ்ரோ தலைவரானபோது ஊரே கொண்டாடியது. கொண்டாடிய நம்மில் எத்தனை பேர் வீட்டு வாசலில் மறுநாள் காலை மெட்ரிக் பள்ளி வேன் வந்து நின்றது என்பதைக் கேட்காமல் விடுவோம்!

நான் சேர்க்கச் சொல்வது வேறு காரணத்துக்காக. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் பள்ளிக்கூடம் என்றால் பாதிக்கு மிஷன் கதைதான். 1809இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் தொடங்கியது. 1956இல் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்தப் பள்ளிகள் அரசு உதவியோடு நடக்கின்றன. வாத்தியாருக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது, நிர்வாகம் சபை கையில். அதனால் அரசுப் பள்ளிக்கும் இந்த மாதிரி அரசு உதவி பெறும் எய்டட் பள்ளிக்கும் வித்தியாசம் இருப்பதாகவே நாம் நினைத்ததில்லை.

இப்போது பெரிய வித்தியாசம் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. மறு வருஷம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. எய்டட் பள்ளிப் பிள்ளைக்கு இது கிடையாது. பொதுவாக ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டு வரை பக்கத்து மெட்ரிக்கில் பணம் கட்டிப் படிக்கட்டும், ஒன்பதில் மாற்றிக்கொள்ளலாம் என்று உங்கள் தம்பி கணக்குப் போட்டால் அந்தக் கணக்கு செல்லாது. கவுன்சிலிங்கில் அத்தனை வகுப்புக்கும் சான்று கேட்பார்கள். நீட் எழுதாமல் தப்பலாம் என்றும் நினைக்க வேண்டாம். நீட் பாஸானவர்களுக்குள்தான் இந்த ஒதுக்கீடு.

கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் உண்டு. அது இப்போது எய்டட் பள்ளித் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது, அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டும் சேர்க்க வேண்டாம். பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தம்பியை ஒரு நாள் நேரில் போகச் சொல்லுங்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, லேபைத் திறந்து பிள்ளைகள் கையில் சாமான் கொடுக்கிறார்களா, பெண்பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தால் போதும். அட்மிஷன் சமயத்தில் போகாமல், வகுப்பு நடக்கிற சாதாரண நாளாகப் பார்த்துப் போகட்டும்.