1945 தீவு மாளிகைப் படம்: முடிவை மாற்றியது நியாயமா?

பழம்படப்பித்தன்:
ரெனே கிளேர் இயக்கிய ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ (1945) படத்தை மறுபடியும் பார்த்தேன். முடிவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆளரவமற்ற தீவில் ஒரு மாளிகை, எட்டு விருந்தாளிகள், வேலைக்காரத் தம்பதி. இரவு விருந்துக்குப் பிறகு கிராமபோன் தட்டு ஒன்று அத்தனை பேர்மீதும் கொலைப்பழி சுமத்துகிறது. பிறகு ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஒவ்வொரு சாவுக்கும் மேசைமேல் ஒரு பொம்மை உடைகிறது. அகதா கிறிஸ்டியின் 1939 நாவலில் பத்துப் பேரில் ஒருவர்கூட மிஞ்சுவதில்லை. படத்திலோ விருந்தாளிகளில் வேரா, லொம்பார்ட் என்ற இருவர் பிழைக்கிறார்கள், போதாக்குறைக்குக் காதல் வேறு. இது சுத்த ஏமாற்று.

சாவித்துவாரம்:
அந்த முடிவு கிளேர் கண்டுபிடித்ததல்ல ஐயா. 1943இல் லண்டன் மேடைக்காகக் கதையை நாடகமாக்கியபோது, எல்லோரும் செத்துவிட்டால் நடந்ததைச் சொல்ல ஆள் ஏது என்று கிறிஸ்டியே அந்த இருவரையும் பிழைக்க வைத்தார். படம் நாடகத்தின் வழியில் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

பழம்படப்பித்தன்:
மேடைக்கு இருந்த நெருக்கடி சினிமாவுக்கு ஏன்? 1987இல் சோவியத் இயக்குநர் ஸ்தானிஸ்லாவ் கொவோருஹின் நாவலின் முடிவை அப்படியே படமாக்கினாரே! என் கோபம் காதல் ஜோடிமீது அல்ல. நாவலின் வேரா, தன் பொறுப்பில் இருந்த சிறுவனைக் கடலில் சாகவிட்டவள். லொம்பார்ட் 21 ஆப்பிரிக்கர்களைக் காட்டில் பட்டினியில் விட்டு ஓடியவன். அதைச் சொல்லக் கூச்சப்படவும் இல்லை. நாம் யாருக்காகப் பயந்தோமோ அவளே கொலைகாரி என்று தெரியும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. படத்தில் வேரா நிரபராதி. லொம்பார்ட் லொம்பார்டே அல்ல, செத்துப்போன நண்பனின் பெயரில் வந்த சார்ல்ஸ் மோர்லி. இருவருக்கும் வெள்ளையடித்துவிட்டார்கள்.

தேநீர்க்கோப்பை:
எனக்கு முடிவைவிட, சாவுகளுக்கு நடுவே படம் கலந்திருக்கும் சிரிப்புத்தான் ஒட்டவில்லை. முதல் இரவிலேயே திருமதி ராஜர்ஸ் இறந்துபோகிறாள். மறுநாள் அவள் கணவன் ராஜர்ஸ் எப்போதும்போல விருந்தாளிகளுக்குப் பரிமாறிக்கொண்டிருக்கிறான். சாவு வீட்டில் இப்படியா இருப்பார்கள்?

சாவித்துவாரம்:
அதுதானே பயங்கரம்! எசமானர்களுக்குக் காபி ஆறிவிடக் கூடாது. அந்தத் தட்டைத் தூக்கி வருபவனுக்கு அழக்கூட நேரம் தரவில்லை அவர்கள். பிறகு சந்தேகம் அவன்மேலேயே விழுகிறது. கிளேர் இதை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எடுத்திருந்தால் ஒரு சொட்டுக் கண்ணீரோடு மறந்திருப்போம்.

அவர் பேசாப்படக் காலத்து மனிதர் என்பதை மறக்காதீர்கள். தொடக்கத்தில் படகு ஆடுகிறது, காற்று அடிக்கிறது, எட்டுப் பேரும் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் முசுடு, யார் பகட்டு என்று அதிலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு அந்தச் சாவித்துவாரக் காட்சி (என் பெயரே அதிலிருந்து வந்ததுதான்): ஒருவர் குனிந்து அறைக்குள் எட்டிப் பார்க்கிறார், அவரை இன்னொருவர் பார்க்கிறார், அந்த இன்னொருவர்மீதும் ஒரு கண். பூட்டிய மாளிகையில் அவநம்பிக்கை எப்படிச் சுற்றி வருகிறது என்பதை வசனமில்லாமல் காட்டிவிட்டார். சிரிப்பு வருகிறது, வரட்டும்.

இப்போது வெள்ளையடித்த கதைக்கு வருகிறேன். கொலைகளைச் செய்வது நீதிபதி குவின்கனன். சட்டத்தில் தப்பியவர்களைத் தானே தண்டிப்பதாக அவருக்கு நினைப்பு. நாவலில் அவர் கணக்கு தப்பவே இல்லை, பத்தும் சரி. படத்தில் குற்றமற்ற ஒரு பெண்ணையும், ஆள் மாறி வந்த ஒருவனையும் தூக்குக்கு அனுப்பப் பார்க்கிறார். கடவுள் வேலை பார்க்கக் கிளம்பிய ஒரு கிழவருக்கு அழைப்பிதழ் யார் கைக்குப் போனது என்றுகூடத் தெரியவில்லை. எனக்கு இது நாவலைவிடக் கூர்மையாகப் படுகிறது.

கூடுவாஞ்சேரி ரசிகன்:
நடுவில் ஒரு வார்த்தை. வீணை எஸ். பாலசந்தரின் ‘நடு இரவில்’ (1970) பார்த்தீர்களா? தீவு பங்களா, வந்து மாட்டிக்கொண்ட சொந்தக்காரர்கள், அடுத்தடுத்துக் கொலை. அங்கே விருந்தாளிகள் அந்நியர்கள் அல்ல, சொத்துக்கு நாக்கைத் தொங்கவிடும் உறவுகள். அதனால் ஒவ்வொருவருக்கும் காரணம் இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே பாலசந்தருக்குக் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

பழம்படப்பித்தன்:
அது தனியாகப் பேச வேண்டிய படம், அதற்கென்று ஒரு விவாத இழை தொடங்குங்கள், வருகிறேன்.

சாவித்துவாரம் நண்பரே, நீதிபதியின் தவறைக் காட்டுவதுதான் நோக்கமென்றால் அவர் அதை உணரும் ஒரு கணமாவது வேண்டாமா? நீதிபதியாக வரும் பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் அருமையான நடிகர். கொடுத்திருந்தால் ஊதித் தள்ளியிருப்பார். விஷத்தைக் குடித்த பிறகுதான், வேரா சுட்டுக் கொன்றுவிட்டதாக அவர் நம்பிய லொம்பார்ட் உயிரோடு வந்து நிற்பதைப் பார்க்கிறார். அப்போதும் ‘பெண்களை நம்பக் கூடாது’ என்ற பாணியில் ஒரு வேடிக்கை வசனம், உடனே சாவு. அவருக்கு உறுத்துவது திட்டம் கெட்டது மட்டும்தான். குற்றமற்றவளைக் கொல்லப் பார்த்தோமே என்ற நினைப்பு அந்த முகத்தில் எந்த ஷாட்டில் இருக்கிறது? காட்டுங்கள்.