இரண்டு ஆட்டங்களுக்கு ஒரே துணைப் பயிற்சியாளரா?

கீழக்கரை வாசகர்: அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ஒருவரே அமெரிக்கக் கால்பந்துக்கும் பேஸ்பாலுக்கும் பல்லாண்டுகள் துணைப் பயிற்சியாளராக இருந்தார் என்று படித்தேன். இது எப்படிச் சாத்தியம்? தலைமைப் பொறுப்பு கிடைக்காதது குறையல்லவா?

மண்டபம் வாசகர்: கால்பந்துப் பருவம் செப்டம்பரில் தொடங்கி நவம்பர் வாக்கில் முடிய, பேஸ்பால் பிப்ரவரியில் தொடங்கி மே வரை நடப்பதால், ஆட்டங்கள் மோதிக்கொள்வதில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ., 1973-இல் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக்கியது. அவற்றுள் விளையாட்டு உதவித்தொகை வழங்காத மூன்றாம் பிரிவின் சிறு கல்லூரிகளில் ஒருவர் இரு பொறுப்புகளை ஏற்பது புதிதன்று. நம் ஊர்ப் பள்ளிகளில் ஓர் உடற்கல்வி ஆசிரியரே கபடியையும் கைப்பந்தையும் பார்ப்பதில்லையா?

தொண்டி வாசகர்: குறை என்று நான் கருதவில்லை, ஐயா. கால்பந்தில் தடுப்பு வரிசையை மட்டும் பழக்குவதும், பேஸ்பாலில் மட்டையாளர்களுக்குச் சலிக்காமல் பந்தெறிந்து கொடுப்பதும், ஓடுபவர் தொட்டுச் செல்லும் தளங்களுள் மூன்றாவதன் அருகே நின்று அவருக்குக் கைச்சைகை காட்டுவதும் துணைப் பயிற்சியாளரின் வேலைகளாக அமையலாம். பெரிய கல்லூரிகளில் தலைமைப் பயிற்சியாளர் மாறினால் துணைவர்களும் பெரும்பாலும் வெளியேற நேர்வதால், நெடுங்காலம் நீடித்தவர் எவரும் அரியவரே.