மூட்டுவாதம் உள்ள பிள்ளையின் தாடையைக் கவனித்தீர்களா? எங்களுக்கு நடந்தது

ரோஸ் ஹில் அம்மா, மொரிஷியஸ்:

என் மகளுக்கு நாலு வயதில் முழங்காலில் மூட்டுவாதம். மருந்து தொடங்கியதும் கால் வீக்கம் வடிந்தது, நாங்களும் நிம்மதியாக இருந்தோம். ஆறு வயதில் ஒரு மாற்றம். தால் பூரியைச் சுருட்டிக் கொடுத்தால் கடிக்காமல் பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டாள். கரும்பு என்றால் உயிரை விடுகிறவள், அந்த வெட்டுக் காலத்தில் தொடவே இல்லை. "வலிக்குதா?" என்று எத்தனை முறை கேட்டாலும் "இல்லம்மா" தான். ஒரு பல் மருத்துவர், பால் பல் ஆடுகிறது, அதனால் ஒரு பக்கமாக மெல்கிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஐந்து மாதம் அப்படியே போயிற்று. இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

மூட்டு மருத்துவர்தான் அவளை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். மோவாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் அளந்தால் 27 மில்லிமீட்டர்தான். கீழ்த்தாடை வளருவதற்கான இடம் காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டின் தலையிலேயே, மெல்லிய குருத்தெலும்புக்கு அடியில் இருக்கிறதாம். அங்கே அழற்சி நீடித்தால் தாடை சின்னதாகவோ கோணலாகவோ வளரும். வலி இல்லாமலே இது நடக்கும் என்றபோது எனக்குக் கை நடுங்கியது.

உறுதிப்படுத்த எம்ஆர்ஐ. ஆறு வயதுப் பிள்ளை அசையாமல் படுக்குமா? மயக்க மருந்து, அப்புறம் படம் தெளிவாகத் தெரிய ஒரு ஊசி. "டாக்டர், எச்சிலை எடுத்துப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா?" என்று ஆற்றாமையில் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். இன்டர்லூக்கின்-6, எஸ்100 வகைப் புரதங்கள் மாதிரி அழற்சியைக் காட்டும் பொருள்கள் எச்சிலிலும் இருக்கும், ஆராய்ச்சியும் நடக்கிறது. ஆனால் ஈறு வீங்கினாலும் அவை கூடும், முழங்கால் வீங்கினாலும் கூடலாம். தாடையிலிருந்து வந்தது எது என்று பிரித்துச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. அதனால் இப்போதைக்கு எம்ஆர்ஐதான்.

அந்த எச்சில் சோதனை சீக்கிரம் வர வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலில் வேண்டிக்கொள்கிறேன். வேறு யார் வீட்டிலாவது இப்படி நடந்ததா?

சாட்ஸ்வர்த் அப்பா, டர்பன்:

தங்கச்சி, எங்கள் பையனுக்கும் இதேதான். அவன் வலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் டாக்டர் வீட்டுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். பிள்ளையின் சொந்த விரல்கள் மூன்றைச் சேர்த்துச் செங்குத்தாக அதன் வாயில் வைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றாலோ, போன மாதத்தைவிடக் குறைந்தாலோ உடனே காட்டுங்கள். நான் மாதம் ஒருமுறை நோட்டில் எழுதி வைக்கிறேன். கண்ணையும் விட்டுவிடாதீர்கள். இந்த மூட்டுவாதத்தில் சத்தமில்லாமல் கண்ணுக்குள்ளும் அழற்சி வரலாம்.

லேப் அக்கா, ரீயூனியன்:

எச்சில் எடுப்பது சுலபம் என்று நினைக்கிறோம், அது அப்படியில்லை. சாப்பிட்டவுடன் எடுத்தால், பல் தேய்த்து ஈறில் ரத்தம் வந்தால், அளவு மாறிவிடும். காலைக்கும் மாலைக்கும்கூட வித்தியாசம் உண்டு. எடுத்தவுடன் ஐஸில் வைக்க வேண்டும். ஆனாலும் ஊசியைக் கண்டு அலறும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிற எனக்கு இந்த ஆராய்ச்சி மேல் நம்பிக்கை இருக்கிறது. முக்கியமாக, ஒரே பிள்ளையிடம் திரும்பத் திரும்ப எடுத்து மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க உதவலாம். அதுவரை மகளுக்கு மென்மையான பிரஷ் கொடுங்கள் தங்கச்சி. வாய் சரியாகத் திறக்காத பிள்ளைகளுக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை விழலாம்.

ரோஸ் ஹில் அம்மா:

நன்றி அண்ணா, நன்றி அக்கா. மெத்தோட்ரெக்ஸேட் என்ற மூட்டுவாத மருந்தோடு வேறு ஊசியும் சேர்த்த பிறகு 34 மில்லிமீட்டர் வரை வந்திருக்கிறது. நேற்று ராத்திரி மூன்று விரல் வைத்துப் பார்த்தோம். இரண்டு தாராளமாகப் போனது, மூன்றாவது பாதியில் நின்றது. தேதி போட்டு எழுதிவிட்டேன். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் நோட்டைக் காட்டப் போகிறேன்.